பார்வதம் அவிழ்த்த கப்பல்

குடம் காணாமல் போன அன்று பார்வதம் போட்ட சத்தம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது என்று நெமிலிச்சேரியில் அந்த லைன் வீட்டுக்காரர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவள் கத்திப் பேசுகிறவளே இல்லை. காலையில் பூ மூட்டை வந்து இறங்கினால் சாயங்காலம் வரை வாசற்படியில் உட்கார்ந்து மல்லியும் கனகாம்பரமும் கட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பூ கட்டிய காசில் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அந்தப் பித்தளைக் குடம். கடையிலேயே கழுத்தைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகத் தன் பேரை வெட்டி வாங்கி வந்தாள். அடியில் ஓட்டை விழுந்து ஒழுக ஆரம்பித்ததும், பற்றவைக்கிறவன் வந்தால் கொடுக்கலாம் என்று கொல்லையில் அடிபம்பு ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். எண்பத்தாறாம் வருஷக் கோடை அது. ஒருநாள் மத்தியானமே பூ வேலை முடித்து எழுந்து போய்ப் பார்த்தால் குடம் இல்லை.

பக்கத்து வீடு ராஜம்மாவுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ராஜம்மாவின் புருஷன் உத்தமன் சைக்கிளில் தெருத் தெருவாகப் போய்ப் பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்கி விற்கிறவன். பார்வதத்துக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

"காலைல உன் ஊட்டுக்காரரு கோணியில கட்டிகினு போனது இன்னா? அவுத்துக் காட்டச் சொல்லு!"

"இன்னாடி பேசுற? உன் ஓட்டைக் குடத்த வித்துத்தான் எங்க ஊட்ல ஒலை வெக்கணுமா?" என்று ராஜம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். 

யாரோ தூண்டிவிட, பார்வதம் நேராகப் போய் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பழைய பாத்திர வியாபாரி என்று கேட்டதும் போலீசுக்கும் வேறு விசாரணை தேவைப்படவில்லை. உத்தமனைக் கூட்டிப் போனவர்கள் மறுநாள்தான் விட்டார்கள். திரும்பி வந்தவனுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. குடமும் கிடைக்கவில்லை.

உத்தமனைக் கூட்டிப் போன அன்று வேலை முடிந்து வந்த பார்வதத்தின் புருஷன் செங்கல்வராயன், வாசலில் கும்பலைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். சோறு வேண்டாம், வயிறு சரியில்லை என்றான். அவள் நம்பினாள். அதன்பிறகு பம்படியில் ராஜம்மாவும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள்.

செங்கல்வராயன் அம்பத்தூர் எஸ்டேட்டில், கேஸ் சிலிண்டருக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் கடைசல் பிடிக்கும் டர்னராக இருந்தான். குழந்தை இல்லாத வீடு. ஷிப்டு முடிந்து வந்தால் அவனுக்கு ஒரே வேலை, கப்பல். எப்போதோ ஒரு கப்பல் ஏஜென்சி காலண்டரில் மூன்று பாய்மரம் கொண்ட கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் போல ஒன்று செய்தே தீருவது என்று ஆரம்பித்தான். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிந்தது. உடைந்த தையல் மிஷினின் கால் மிதியை வைத்துச் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை செய்துகொண்டான். காலால் மிதித்துக்கொண்டே பித்தளையைக் கடைந்து கைப்பிடிக் கம்பித் தூண்கள், நங்கூரம், மணி, கப்பிகளுக்கான கொக்கிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்தான். கொக்கி அரிசி மணி அளவு இருக்கும். கீழே விழுந்தால் இருவரும் முட்டி போட்டுத் தரையைத் தடவுவார்கள்.

கயிறும் அவனே திரித்தான். நூலைக் கதவுக் கொக்கியில் மாட்டி, கையால் சுற்றும் ட்ரில்லில் மறுமுனையைப் பூட்டி முறுக்குவான். பாய்மரத்தை அசையாமல் இழுத்துப் பிடித்து நிற்கிற கயிறுகளுக்கு விளக்குக் கரியும் மெழுகும் தேய்த்துக் கறுப்பாக்கினான். பாயை ஏற்றவும் இறக்கவும் கப்பியில் ஓடுகிற கயிறுகளை டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கினான். மாலுமி ஏறிப்போகிற நூலேணியில்தான் மாட்டிக்கொண்டான். குறுக்குக் கயிறு ஒவ்வொன்றுக்கும் நெடுக்குக் கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு விழ வேண்டும். அவன் தடித்த விரலில் முடிச்செல்லாம் புளியங்கொட்டை மாதிரி வந்தது.

"குடு இங்க," என்று வாங்கிப் படத்தைப் பார்த்தாள் பார்வதம். "இது நம்ம பூ முடிச்சுதான்யா. ஒரு சுத்து ஜாஸ்தி, அவ்ளோதான்."

நூலேணிகள் முழுக்க அவள் கட்டினாள். குடம் போன வருத்தத்தில் இருந்தவளுக்கு அந்த வேலை ஆறுதலாகக்கூட இருந்தது. கப்பல் பக்கவாட்டில் பீரங்கிகள் வர வேண்டும் என்று அவன் சுண்டுவிரல் அளவுக்குக் கடைந்துகொண்டிருந்த பித்தளை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. கம்பெனியில் வேலை செய்கிறவன், பழைய பித்தளை எங்காவது வாங்கியிருப்பான் என்று நினைத்தாள்.

மறுவருஷம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அவன் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க."

பீரங்கிக்கு நடுவில் துளை நேராக வர வேண்டும். வீட்டுப் பட்டறையில் அது கோணிக்கொண்டு போயிற்று. அதனால் பீரங்கிகளைத் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்த ட்ரில்லில் துளைத்திருக்கிறான். உள்ளே போகும்போது யாரும் பார்க்கவில்லை. வெளியே வரும்போது கேட்டில் வாட்ச்மேன் முனியன் டப்பாவைத் திறந்துவிட்டான். கம்பெனியில் கொஞ்ச நாளாகப் பித்தளைக் கம்பி குறைந்துகொண்டு வந்த சமயம். யார் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் அகப்பட்டது.

"உன் பித்தளைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். எங்க வாங்கின, யாரு கைல வாங்கினன்னு கேக்குறாங்க."

"எங்க வாங்கின?"

அவன் சுவரைப் பார்த்தான். "போலீஸ்ல குடுத்துடுவேன்றாரு, மேனேஜர் ராஜசேகரன் சார்."

போலீஸ் என்றதும் அவளுக்குத் தன் கேள்வி மறந்துவிட்டது. மறுநாள் அவன் யூனியன் ஆளைப் பார்க்கப் போன நேரத்தில், ஏதாவது ரசீது, துண்டுச்சீட்டு கிடைக்காதா என்று கப்பலுக்குக் கீழே அவன் வைத்திருந்த மரப்பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள். அரம், வாள், நூல்கண்டு, பித்தளைத் தூள். அடியில் பழைய பனியனில் சுற்றிக் கனமாக ஏதோ இருந்தது. பிரித்தாள்.

குடத்தின் கழுத்து. வட்டமாக அறுத்தெடுத்த வளையம். விரல் தானாகவே புள்ளிகளைத் தேடிப் போயிற்று. பா, ர், வ.

அவள் அழவில்லை. வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்ட வேண்டிய பூவெல்லாம் பக்கத்தில் வாட, அவன் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தமும் அவளுக்குக் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

அவன் வந்து வளையத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஓட்டைக் குடந்தானேன்னு எடுத்தேன். புதுசு வாங்கிக் குடுத்துட்டுச் சொல்லலாம்னு... சாயங்காலம் வந்து பாத்தா அவனப் புடிச்சிகினு போயிட்டாங்க. அப்ப சொன்னா என்னையும்..."

"ஒரு மனுசன் காது போச்சுய்யா."

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் என் கையால ஏணி கட்ட வெச்சியா?"

பேர் வெட்டிய இடத்தை உருக்க மட்டும் மனசு வரவில்லை என்று முனகினான். அது அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது. அன்று முதல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. வளையத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் புருஷன் திருடனில்லை என்று ஆகும். அவள் போலீசில் கொடுத்த புகார் பொய் என்றும் ஆகும். காட்டாமல் விட்டால் ராஜம்மாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அவன் வேலையும் போய் ஜெயிலுக்கும் போவான். அவள் முதலில், குடத்தை உருக்கிக் கம்பியாக வார்த்துக் கொடுத்ததாக அன்று அவன் சொன்ன அம்பத்தூர் வார்ப்புப் பட்டறைக்காரரிடம் போனாள். கம்பெனி வம்பு என்று காதில் விழுந்ததும் அவர், "எத்தினியோ பேர் வருவாங்க, எனக்கு இன்னா நாபகம் கீது?" என்று உலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து ரயிலேறி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் குடத்தைத் தினமும் பார்த்தவள், அது தொலைந்த நாளை மறக்க முடியாதவள், ஊரில் ஒரே ஒருத்திதான் என்று.

ராஜம்மா வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்வதம் போய் முன்னால் நின்று, எதையும் மறைக்காமல் சொன்னாள். வளையத்தைக் காட்டினாள்.

ராஜம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப நான் வந்து உன் ஊட்டுக்காரரு நல்லவருன்னு சாட்சி சொல்லணும். அப்படித்தானே?"

"அக்கா..."

"அக்கான்னு கூப்புடாதே." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பெனியில் விசாரணை அன்று கப்பலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதில் இருக்கிற பித்தளை அத்தனையும் சோதிக்க வேண்டுமாம். டெம்போவில் செங்கல்வராயன் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, பார்வதம் பின்பக்கத்தை மடியில் தாங்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கயிறுகள் வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தன. இருவரும் கப்பலையே பார்த்துக்கொண்டு வந்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆபீஸ் அறையில் நீள மேஜைமேல் கப்பலை வைத்தார்கள். ராஜசேகரன் மரியாதையாகப் பேசுகிற மனிதர். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. பார்வதம் நீட்டிய கழுத்து வளையத்தை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"இருக்கட்டும்மா. மொதல்ல இந்தச் சாமானெல்லாம் கழட்டட்டும்."

கிளார்க் ஒருவர் குறடுடன் வந்து, நடு மரத்தைத் தாங்கும் கறுப்புக் கயிறுகள் வந்து சேர்கிற பித்தளைப் பட்டைகளில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். கயிறு ஒன்று பட்டென்று அறுந்தது. நடு மரம் ஒரு விரற்கடை சாய்ந்தது. அதோடு கட்டுண்ட முன்மரமும் முனகியது. செங்கல்வராயன் ஒரு அடி முன்னே வந்து, வாட்ச்மேன் கையை நீட்டியதும் நின்றுவிட்டான்.

கிளார்க் மறுபடி குறடை வைத்தார்.

"கைய எடுங்க சார்," என்றாள் பார்வதம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நானே அவுத்துத் தரேன். இழுத்தா எல்லா மரமும் வுழுந்துடும்."

ராஜசேகரன் தலையசைத்தார். அவள் மேஜை அருகே குனிந்தாள். நூலேணி அவள் கட்டியது, கண்ணை மூடிக்கொண்டு அவிழ்ப்பாள். ஆனால் மரத்தைப் பிடித்திருக்கிற கயிறுகளில் எதை முதலில் விட வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்றைத் தப்பாக விட்டால் மற்றது தாங்காது. விரல் ஒரு முடிச்சின்மேல் நின்றது.

"அது வேணாம்," என்றான் பின்னாலிருந்து செங்கல்வராயன். அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் சொல். "மொதல்ல பாய் ஏத்துற கயிறு. பழுப்பு. அத தளர்த்து."

தளர்த்தினாள்.

"இப்ப உச்சி மரத்தது. ரெண்டு பக்கமும் சேத்து. ஒரு பக்கம் மட்டும் வுட்டுடாதே."

இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் நகத்தால் நெம்பினாள். மெழுகு பிடித்த முடிச்சு இளக மறுத்தது. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. நூலில் படாமல் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி நெம்பினாள். முடிச்சு விட்டது. உச்சி மரம் சாயாமல் கைக்கு வந்தது. அதைப் பக்கத்தில் படுக்கவைத்தாள். கப்பிகள், கொக்கிகள், பட்டைகள், தூண்கள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. கடைசியில் மேஜைமேல் மொட்டை மரமும் கயிற்றுக் குவியலும் மிஞ்சின. செங்கல்வராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ராஜசேகரன் இருமினார்.

"சரிம்மா. போன வருஷம் இதே குடம் திருடு போச்சுன்னு நீங்களே போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"அப்ப எனக்குத் தெரியாது சார். தப்பா சொல்லிட்டேன். ஒரு குத்தமும் செய்யாத ஆள அடிக்க வெச்சேன்."

"இந்த வளையத்தை நேத்துகூட வேற ஒரு குடத்துலேர்ந்து அறுத்திருக்கலாமே. பேர் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

அப்போதுதான் கதவோரம் ஏதோ வாக்குவாதம் கேட்டது. வாட்ச்மேன் முனியனைத் தள்ளிக்கொண்டு ராஜம்மா உள்ளே வந்தாள். மழையில் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பார்வதத்தைப் பார்த்து, "உனுக்காக வரல," என்று மட்டும் சொல்லிவிட்டு ராஜசேகரன் பக்கம் திரும்பினாள்.

"சார், அந்தக் கொடத்துக்குப் பின்னாடிதான் நான் வருசக்கணக்கா தண்ணிக்கு நின்னேன். பேர் வெட்னவன் 'ர்' மேல புள்ளிய தப்பா வெச்சிட்டு, பக்கத்துல இன்னொரு புள்ளி வெச்சிருப்பான். கீதான்னு பாருங்க."

ராஜசேகரன் இழுப்பறையைத் திறந்து வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார். அருகருகே இரண்டு புள்ளி.

"எந்த மாசம் காணாம போச்சு?"

"அத நான் மறப்பனா? என் ஊட்டுக்காரர இஸ்துகினு போன மாசம். சித்திரை." ராஜம்மா மேஜையில் கையை ஊன்றினாள். "இப்ப நான் சொல்றத எழுதுங்க. கொடத்த உத்தமன் திருடல. இந்தாளுதான் எடுத்தான். எழுதுங்க."

"அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லைம்மா."

"எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவேன். இல்லாங்காட்டி நான் வரவே இல்லன்னு வெச்சிக்கோங்க."

யூனியன் ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜசேகரன் கையமர்த்திவிட்டுக் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் எழுதினார். ராஜம்மா அதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, புருஷன் பேரைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று இன்னொரு தடவை கேட்டு, பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலையும் வாங்கி ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஒரு பீரங்கியை இரண்டாக அறுத்து, வளையத்தில் ஒரு துண்டும் சேர்த்து, கம்பெனி லேபரட்டரியில் சோதித்தார்கள். முடிவு வரும்வரை செங்கல்வராயன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். கம்பெனிக் கம்பியில் ஈயம் கலந்திருக்கும்; பீரங்கியிலும் வளையத்திலும் அது இல்லை, இரண்டும் ஒரே உலோகம் என்று வந்தது. கேட்காமல் ட்ரில்லைத் தொட்டதற்கு எச்சரிக்கை கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கம்பியைத் திருடினது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

சேதி வந்த அன்று செங்கல்வராயன் சிரித்தான். பார்வதம் சிரிக்கவில்லை. "போ. பம்படியில எல்லாரும் நிக்கிறாங்க. போயி அந்தாளு கையில சொல்லு," என்றாள்.

அவன் போனான். குடமும் பக்கெட்டுமாகப் பெண்கள் நிற்க, உத்தமன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தான். உத்தமன் பம்பை நிறுத்தினான்.

"இந்தக் காது கேக்கல. சத்தமா சொல்லு."

செங்கல்வராயன் மறுபடி சொன்னான், லைன் முழுக்கக் கேட்கும்படி. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உத்தமன் கேட்டுவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, ஏறிப் போய்விட்டான்.

கப்பல் சாமான்களில் பாதிதான் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. அதை மூட்டையாகவே பரணில் போட்டான் செங்கல்வராயன். சில வருஷம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மழைநாளில் பூ வராமல் சும்மா இருந்த பார்வதமே மூட்டையை இறக்கி, கறுப்பு நூலைத் தனியாகவும் பழுப்பு நூலைத் தனியாகவும் பிரிக்க ஆரம்பித்தாள். தொலைந்த கொக்கிகளுக்குப் பதில் அவன் கடையில் ரசீதோடு வாங்கிய பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தான். தொண்ணூற்று மூன்றில் முடித்தார்கள். கம்பெனியின் வெள்ளிவிழாவுக்கு வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமே என்று ராஜசேகரன் ஆளனுப்பிக் கேட்டார். செங்கல்வராயனுக்கு ஆசைதான். பார்வதம், "குடுக்க முடியாதுன்னு சொல்லு," என்றாள். அவன் சொன்னான்.

தொண்ணூற்றெட்டில் நூம்பலில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். புதுமனை புகுவிழாவுக்கு லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் பார்வதம் நேரில் போய்க் கூப்பிட்டாள். ராஜம்மா வந்தாள், தனியாக. கூடத்தில் கப்பல் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவ்வளவு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் அதை அவள் கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது மெதக்குமா?" என்று கேட்டாள்.

"தண்ணியில வுட்டதில்ல," என்றான் செங்கல்வராயன்.

"வுட்டுப் பாத்திருக்கலாம்ல?"

சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் கிளம்பினவளோடு பார்வதமும் பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். நூம்பல் கிணற்றுத் தண்ணி உப்பா நல்லதா என்று ராஜம்மா விசாரித்தாள். நல்ல தண்ணிதான் என்றாள் பார்வதம். உத்தமன் ஏன் வரவில்லை என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பூந்தமல்லிப் பக்கமிருந்து பஸ் கூட்டமாக வந்தது. ராஜம்மா ஏறிக்கொண்டு, உட்கார இடம் தேடி உள்ளே போனாள்.